ஒரு நாள் பட்டறையும் ஒரு வாரத் துருவும்

பினாங்குத் தமிழ்க் குடும்பங்களுக்குச் ‘சிப்’ புதிதல்ல. 1970களிலும் 80களிலும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்டு வேலைக்குப் போன பெண்கள், நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைத்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். மாதக் கடைசியில் சம்பளம் வரும். தம்பி தங்கைகள் படிப்பார்கள். அந்தச் சில்லு என்ன செய்யும், அதற்கு யார் கட்டளை எழுதுகிறார்கள் என்பதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லவேண்டிய அவசியம் கம்பெனிக்கு இருக்கவில்லை.

இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வயதில் இருப்பவர்களின் மேசைக்கு அதே சில்லு வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் பலகை, அதில் 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள். கணினியில் கட்டளைகளை அடுக்கிப் பலகைக்கு அனுப்பினால் விளக்குகள் பெயரை எழுதிக் காட்டும். ‘ரோபோட்டிக்ஸ் பட்டறை’, ‘கோடிங் முகாம்’ என்று சனிக்கிழமைகள் களைகட்டுகின்றன. சான்றிதழும் குழுப்படமும் தவறாமல் கிடைக்கின்றன. திங்கட்கிழமை என்ன நடக்கிறது என்பதுதான் நாம் கேட்காமல் விட்ட கேள்வி.

தொழிற்சாலை முந்தியது, பள்ளி பிந்தியது

பினாங்குக்கு மின்னணுத் தொழில் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதியை 1969இல் இழந்தபோது தீவின் வணிகம் படுத்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அப்போதைய முதலமைச்சர் லிம் சோங் இயூ மின்னணுத் தொழிலின் மேல் பந்தயம் கட்டினார். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறந்தது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, பாஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் என முதலில் வந்து இறங்கிய எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்கிறார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, உலகில் பொதியிட்டுச் சோதிக்கப்படும் சில்லுகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவின் கைவழியாகப் போகிறது. அதில் பெரும்பங்கு பினாங்குடையது. ஆனால் பொதியிடுவதில் கிடைக்கும் காசைவிட வடிவமைப்பதில் கிடைக்கும் காசு பல மடங்கு. 2024 மே மாதம் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்த தேசியக் குறைக்கடத்தி வியூகத் திட்டம், 60,000 பொறியாளர்களை உருவாக்குவதை ஓர் இலக்காக வைத்திருப்பது அதனால்தான்.

இலக்கு வைப்பதில் மலேசியாவுக்குப் பழைய அனுபவம் உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் 60 விழுக்காடு மாணவர்கள், கலைப் பிரிவில் 40 விழுக்காடு என்ற கொள்கை 1970இலேயே நடைமுறைக்கு வந்தது. அந்த 60 இன்னும் எட்டாக்கனிதான். படிவம் 4இல் எந்தப் பாடங்கள் என்று மாணவர் தேர்ந்தெடுக்கும்போது முடிவு ஏற்கெனவே மனத்தில் ஆகிவிட்டிருக்கிறது. அந்த மனம் உருவாவது தொடக்கப்பள்ளியில்.

ஜார்ஜ்டவுனில் எங்கே கற்பது?

பயிற்சி பெற்ற கைகள் வேண்டும் என்பதை முதலில் உணர்ந்தவை தொழிற்சாலைகளே. 1989இல் அரசும் நிறுவனங்களும் கல்வியாளர்களும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். அது வேலைக்குப் போகும் வயதினருக்கானது. பள்ளிப் பிள்ளைகள் பக்கம் இறங்கி வந்தது பினாங்கு அறிவியல் குழுமம். ஜார்ஜ்டவுனில் காட் லெபோ சீனாவில் உள்ள விஸ்மா இயாப் சோர் ஈ கட்டடத்தில் அது இடம்பிடித்தது. குட்டி இந்தியாவின் லெபோ பாசாரிலிருந்து நடந்தே போகலாம். மின்சுற்று, ஆர்டுயினோ, முப்பரிமாண அச்சு என்று பிள்ளைகள் கைவைத்துப் பார்க்கும் கூடமாக அது வளர்ந்தது.

கொம்தார் கட்டடத்தின் குவிமாடத்துக்குள் 2016இல் டெக் டோம் பினாங்கு திறந்தது. இயந்திரங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காமல் தொட்டு இயக்கவிடும் அறிவியல் கூடம் அது. தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை, ‘அஸ்தி’ என்று சுருக்கமாக அறியப்படும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் நாடு முழுக்க நடத்தும் அறிவியல் விழாவுக்குத் தனி இடம் உண்டு. அட்டைப்பெட்டி, பலூன், பழைய மோட்டார் என்று கையில் கிடைத்ததை வைத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சோதனை செய்து, நடுவர்கள் முன்னால் நின்று விளக்கும் மேடை அது.

பாடத்திட்டமும் சும்மா இருக்கவில்லை. கணினிச் சிந்தனை 2017 முதல் மலேசியப் பள்ளிப் பாடங்களுக்குள் வந்தது. தமிழ்ப்பள்ளியின் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தில் நிரலாக்கம் இருக்கிறது. எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி நம் பிள்ளைகளுக்கு இன்று கைவந்த விளையாட்டு. இடம் இருக்கிறது, பாடம் இருக்கிறது, கருவியின் விலையும் இறங்கிவிட்டது.

இரண்டு ஆணி, ஒரு பூந்தொட்டி

பட்டறைகளில் அடிக்கடி வரும் ஒரு பயிற்சியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முதலில் சொன்ன உள்ளங்கைப் பலகைதான் கருவி, பெயர் மைக்ரோபிட். 2016இல் பிபிசி முன்னின்று, பிரிட்டனில் ஏழாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளுக்காகச் சுமார் 10 லட்சம் பலகைகளை இலவசமாகக் கொடுத்தது. பிறகு உலகமெங்கும் பரவியது. பயிற்சி என்னவென்றால், செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று பலகையே சொல்லவேண்டும்.

தேவையானவை இரண்டு இரும்பு ஆணி, ஒரு மின்தடை, முதலைவாய்க் கிளிப் போட்ட நாலைந்து வயர், ஒரு பூந்தொட்டி. ஆணிகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு மண்ணில் குத்துகிறார்கள். ஒன்றுக்குப் பலகையின் 3 வோல்ட் முனையிலிருந்து மின்சாரம் போகிறது. மற்றொன்றிலிருந்து பலகையின் 0 என்று எண்ணிட்ட முனைக்கு வருகிறது. அங்கிருந்து மின்தடை வழியாகத் தரைமுனைக்கு இறங்குகிறது. ஈர மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், காய்ந்த மண் கடத்தாது. கடந்து வரும் அளவைப் பலகை 0 முதல் 1023 வரையான ஓர் எண்ணாகக் காட்டும்.

இங்கேதான் பொறியியல் தொடங்குகிறது. எந்த எண்ணுக்குக் கீழே போனால் செடிக்குத் தாகம்? புத்தகத்தில் விடை கிடையாது. இந்த மண்ணுக்கு ஓர் எண், பக்கத்து மேசை மண்ணுக்கு வேறோர் எண். காய்ந்த மண்ணை அளந்து, ஒரு கரண்டி தண்ணீர் விட்டு அளந்து, இன்னொரு கரண்டி விட்டு அளந்து, பிள்ளைகளே எல்லைக்கோட்டை முடிவு செய்யவேண்டும். “எண் 400க்குக் கீழே இருந்தால் அழுமூஞ்சி, இல்லாவிட்டால் சிரித்த மூஞ்சி” என்று கட்டளை எழுதுகிறார்கள்.

பாதி மேசைகளில் ஓடாது. “டீச்சர், போர்ட் ரோசாக்!” என்று குரல் எழும். மலேசியப் பிள்ளைக்குப் பழுதான எதுவும் ‘ரோசாக்’தான். பலகை பெரும்பாலும் ரோசாக் ஆகியிருக்காது. இரண்டு கிளிப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அல்லது வயரை 0இல் மாட்டிவிட்டு 1ஐப் படிக்கச் சொல்லியிருப்பார்கள். நல்ல பயிற்றுநர் கையை நீட்டிச் சரிசெய்துவிட மாட்டார். “வயரையெல்லாம் ஒவ்வொன்றா விரலால தொட்டுக்கிட்டே எனக்குச் சொல்லு தம்பி, இது எங்கயிருந்து எங்க போகுது?” என்பார். மூன்றாவது வயரில் பையனே நிறுத்திவிடுவான். குற்றம் கண்டுபிடிக்கும் அந்தப் பொறுமைதான் தொழிற்சாலைகள் தேடும் சரக்கு. நேரம் போதாத பட்டறையில் பயிற்றுநர் தானே மாட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்கு ஓடுகிறார். விளக்கு எரிகிறது, பிள்ளை மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

துரு கற்பிக்கும் பாடம்

இதே செடியை ஒரு வாரம் வகுப்பறையில் விட்டுவைத்தால் வேறொன்று நடக்கும். தண்ணீர் விட்ட பிறகும் பலகை அழுமூஞ்சி காட்டும். கட்டளை மாறவில்லை, வயர் கழலவில்லை. ஆணியைப் பிடுங்கிப் பார்த்தால் 3 வோல்ட் போன ஆணி துருவேறிக் கிடக்கும். மற்றது அவ்வளவு மோசமில்லை. ஈர மண்ணில் இடைவிடாமல் மின்சாரம் ஓடினால் நேர்முனையின் இரும்பு கரையும். மேலே படியும் துரு மின்சாரத்தை மறிக்கிறது. ஈர மண்ணையே பலகை காய்ந்ததாக நினைக்கிறது.

தீர்வு எளிது, ஆனால் யோசித்தால்தான் வரும். ஆணிக்கு எப்போதும் மின்சாரம் எதற்கு? செடி நிமிடத்துக்கு நிமிடம் காய்வதில்லையே. அரைமணிக்கு ஒருமுறை, ஒரு விநாடி மட்டும் பலகையே மின்சாரத்தைத் திறந்து, அளந்து, மூடினால் போதும். 3 வோல்ட் முனையிலிருந்து வயரைக் கழற்றிக் கட்டளைக்குக் கட்டுப்படும் வேறொரு முனையில் மாட்டி, நாலு வரி கூடுதலாக எழுதினால் ஆணியின் ஆயுள் பல மடங்கு கூடும். வேதியியலும் மின்னியலும் நிரலாக்கமும் ஒரே பூந்தொட்டியில் சந்திக்கும் இடம் இது. விவசாயத்துக்கான ஈரமானிகளைச் செய்பவர்களும் இதே அரிப்போடு மல்லுக்கட்டித்தான், மண்ணை உலோகம் தொடாத உணரிகளுக்குப் போனார்கள்.

ஒரு நாள் பட்டறையில் ஆணி துருப்பிடிக்காது. மாலை ஐந்து மணிக்குப் பலகைகளைப் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போய்விடுகிறார்கள். ஆசை மூட்ட ஒரு நாள் போதும், அதை யாரும் மறுக்கவில்லை. பொறியியல் என்ற தொழிலின் உள்ளடக்கம், செய்த பொருள் ஒரு வாரம் கழித்து ஏன் பொய் சொல்கிறது என்று தேடுவதில் இருக்கிறது. அதைக் கற்கக் கருவி பள்ளியிலேயே தங்கவேண்டும்.

எந்த மொழியில் யோசிப்பது?

1816இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்துதான் மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றைக் கணக்கிடுகிறோம். 2016இல் அதன் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். அங்கே பட்டறை நடத்த வருபவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து மலாயில் முடித்தால், பிள்ளைகள் தலையாட்டுவார்கள், கேள்வி வராது. ‘சென்சர்’, ‘லூப்’ எல்லாம் அப்படியே இருக்கட்டும். “ஏன் ஓடல?” என்ற விசாரணை மட்டும் பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் நடக்கவேண்டும். தமிழும் கணினியும் ஒட்டாது என்று சொல்ல மலேசியாவில் யாருக்கும் தகுதியில்லை. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள் வழியாகத்தான் உலகத் தமிழர் பலர் கணினியில் தமிழ் தட்டத் தொடங்கினார்கள். அதைச் செய்தவர் இந்த நாட்டுத் தமிழர்.

பாலத்துக்கு அப்பால்

அந்த 28 பள்ளிகளில் பெரும்பாலானவை தீவில் இல்லை. பெருநிலத்தில், பிறை, பட்டர்வொர்த், நிபோங் திபால் பக்கம் இருக்கின்றன. டெக் டோமும் பினாங்கு அறிவியல் குழுமமும் தீவில். ஒரு வகுப்பை அழைத்துவர பஸ் வாடகை, சாப்பாடு, துணைக்கு ஆசிரியர் எல்லாம் வேண்டும். சிறிய பள்ளிக்கு வருடத்துக்கு ஒருமுறை முடியும். வாரத்துக்கு ஒருமுறை முடியாது. பிள்ளைகளைக் கூடத்துக்குக் கொண்டுவருவதைவிடக் கருவிப் பெட்டியைப் பள்ளிக்குக் கொண்டுபோவது மலிவு. பொறியாளர்களுக்கும் பஞ்சமில்லை. பாயான் லெப்பாஸ், பத்து காவான் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தமிழ்ப் பொறியாளர்களில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் எத்தனையோ பேர். பரிசு கொடுக்க ஒருநாள் மேடையேறும் முன்னாள் மாணவர், ஒரு தவணைக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை வந்தால் பள்ளிக்கு அதுவே பெரிய பரிசு.

இதற்கான பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு இந்தியாவில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அங்கே 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டம், தமிழ்நாட்டுப் பள்ளிகள் உட்பட 10,000 பள்ளிகளில், பிள்ளைகள் கைவைத்துச் செய்துபார்க்கும் ‘டிங்கரிங்’ ஆய்வகங்களை அமைத்தது. ஒரு பள்ளிக்கு அதிகபட்சம் 20 லட்சம் ரூபாய். அதில் 10 லட்சம் கருவி வாங்கி ஆய்வகம் அமைக்க; மீதி 10 லட்சம் ஐந்தாண்டுகள் அதை நடத்த. எல்லாப் பள்ளியிலும் அது ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு விவாதம். ஆனால் வாங்குவதற்கு எவ்வளவோ, வைத்திருப்பதற்கும் அவ்வளவு என்ற கணக்கு சரியான கணக்கு. நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் நன்கொடையாளர்களும் பார்க்கவேண்டிய இடம் அது.

அடுத்த பட்டறைக்கான கடிதம் பள்ளிக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். பலகைகளில் எத்தனை பள்ளியிலேயே தங்கும்? எங்கள் ஆசிரியருக்குத் தனியாகப் பயிற்சி உண்டா? அடுத்த மாதம் ஏதாவது ஓடாமல் போனால் யாரைக் கூப்பிடுவது? மூன்றுக்கும் பதில் இருந்தால் ஒரே வகுப்புக்கு நடத்தினாலும் போதும். பதில் இல்லையென்றால், அந்தச் செலவுக்கு ஐந்து பலகையும் ஒரு கிலோ ஆணியும் வாங்கிப் புறப்பாட நேரத்தில் பள்ளியே தொடங்கிவிடலாம். ஆணி துருப்பிடிக்கும்போது கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.