முகமூடி வந்தது, கதவு மூடிற்று!

தோழர்களே! 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவை எபோலா சூறையாடிற்று. 2016-க்குள் 11,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர் உடலைத் தொட்டாலும் தொற்றும் நோய் அது. ஆகவே, தலைமுதல் கால்வரை மூடிய ஆட்கள் வந்தனர். உடலைப் பையிலிட்டுத் தூக்கிச் சென்றனர். பெற்ற தாயைக் குளிப்பாட்டி அனுப்பும் உரிமைகூட மகனுக்கு இல்லை! விளைவு? நோயாளியை ஒளித்தனர், பிணத்தை இரவில் புதைத்தனர். கினி நாட்டு வோமே கிராமத்தில், நோயைப்பற்றி விளக்கப்போன குழுவினர் 8 பேர் செப்டம்பரில் கொல்லப்பட்டனர். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால், "அறியாமை" என்று ஒரே சொல்லில் மேதாவிகள் முடிக்கிறார்களே, அதை ஏற்பதெப்படி? அம்மக்களை எவரேனும் ஒரு சொல் கேட்டதுண்டா?

நோய் மார்ச்சில் அறிவிக்கப்பட்டது; உலக சுகாதார நிறுவனம் அடக்கத்துக்குப் புதுமுறை வகுத்ததோ நவம்பரில்! அடக்கக் குழுவினருக்கு அது கற்பித்த முதற்பாடம் என்ன தெரியுமா? கவச உடையின்றி வீட்டுக்குப் போ, இரங்கல் சொல், நடக்கப்போவதை விளக்கிக் குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெறு, அதற்குப் பிறகே உடையை அணி. முஸ்லிம் இல்லமாயின் இமாமைக் கலந்துகொள். தண்ணீரால் கழுவ இயலாவிடில், நீரின்றிச் செய்யும் தூய்மைச் சடங்குக்கு வழிவிடு. குழியை மூடும் மண்ணைக் குடும்பத்தாரே தள்ளட்டும்.