மின்தூக்கியின் முன் கழியும் நிமிடங்கள்

"பொத்தானை அழுத்திவிட்டு நிற்கிறோம், லிப்ட் எங்கள் தளத்தில் நிற்காமலே தாண்டிப் போகிறது. ஏன்?" நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பொறியாளரிடம் கேளுங்கள் என்று நாங்கள் இதை ஒதுக்கிவிடுவதில்லை. இதயநோய்ப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்கு, நோயாளியை ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்குக் கொண்டுசெல்லும் நேரமும் சிகிச்சை நேரத்தின் ஒரு பகுதியே. ஆகவே, மின்தூக்கிகள் எவ்வாறு அனுப்பப்படுகின்றன, அவை நன்றாக இயங்குகின்றனவா என்று எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

யார் முடிவு செய்கிறார்கள்?

பல மின்தூக்கிகள் அருகருகே இருக்கும் கட்டடத்தில், எந்த அழைப்புக்கு எந்த மின்தூக்கி செல்ல வேண்டும் என்பதை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி முடிவு செய்கிறது. பொதுவான விதி எளியது. மேலே செல்லும் மின்தூக்கி, மேலே செல்ல விரும்புவோரை வழியில் ஏற்றிக்கொண்டு செல்லும். அத்திசையில் பணி முடிந்த பின்னரே கீழே திரும்பும். ஆகவே, கீழே செல்ல நிற்பவரை அது கடந்து போவது இயல்பு. பல மின்தூக்கிகளில் எடையை உணரும் அமைப்பும் உண்டு. உள்ளே இடமில்லை என்று அது காட்டினால், புதிய அழைப்புக்கு நிற்காமல் மின்தூக்கி சென்றுவிடும். இதில் பாரபட்சம் எதுவும் இல்லை.

எதை அளக்க வேண்டும்?

மின்தூக்கி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை மட்டும் அளந்தால் பயனில்லை. மூன்று அளவுகள் முக்கியமானவை. முதலாவது, பொத்தானை அழுத்தியது முதல் கதவு திறக்கும் வரையிலான காத்திருப்பு நேரம். இரண்டாவது, அழுத்தியது முதல் சேர வேண்டிய தளத்தை அடையும் வரையிலான மொத்த நேரம். மூன்றாவது, ஐந்து நிமிடங்களில் எத்தனை பேரை ஏற்றிச்செல்ல முடிகிறது என்ற திறன்.

கட்டடம் எழும்புவதற்கு முன்பே, கணினியில் மாதிரிப் போக்குவரத்தை ஓட்டிப் பார்த்து இவற்றைக் கணிக்கிறார்கள். கட்டிய பின்னர், கருவியில் பதிவாகும் விவரங்களைக் கொண்டோ, நேரமானியுடன் தளத்தில் நின்றோ சரிபார்க்கிறார்கள். அலுவலகக் கட்டடங்களில் காலையில் எல்லோரும் மேலே செல்லும் நேரமே பெரும்பாலும் சோதனைக்கு உரிய நேரம். மருத்துவமனையின் நிலை வேறு. பார்வையாளர் நேரம், செவிலியர் பணிமாற்ற நேரம், உணவு வண்டிகள் செல்லும் நேரம், இவற்றுக்கிடையே படுக்கையோடு செல்லும் நோயாளிகள் என இருதிசையிலும் நெரிசல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அளந்துவிட்டு, திங்கட்கிழமை காலைக்கும் அதுவே பொருந்தும் என்று கொள்ள இயலாது. ஓய்வாக இருக்கும்போது ஒரு முறையும், மாடியேறி வந்தவுடன் ஒரு முறையும் எடுத்த இரத்த அழுத்தத்தை ஒப்பிடுவது போன்றதே அது.

சராசரி மறைப்பது

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்து அழைப்புகளில் ஒன்பதுக்கு 20 வினாடியில் மின்தூக்கி வந்துவிடுகிறது. ஒன்றுக்கு மட்டும் 240 வினாடி ஆகிறது. சராசரி 42 வினாடி. தாளில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், நான்கு நிமிடம் காத்திருந்தவர் தள்ளுபடுக்கையில் இருந்த நோயாளி என்றால், அந்தச் சராசரியால் அவருக்கு என்ன பயன்? வார்டில் உள்ள அனைவரின் காய்ச்சலையும் கூட்டிச் சராசரி பார்த்து நாங்கள் மருந்து கொடுப்பதில்லை. அதுபோலவே, நல்ல சோதனை என்பது மிக நீண்ட காத்திருப்புகள் எத்தனை, அவை எந்தத் தளத்தில், எந்த வேளையில் நேர்ந்தன என்பதையும் காட்ட வேண்டும்.

கனடாவின் சஸ்காட்டூன் நகரில் ஒரு மருத்துவமனையில் நடந்த எளிய ஆய்வு 2011இல் வெளியானது. நால்வர் படிக்கட்டிலும் மின்தூக்கியிலும் சென்று நேரத்தைக் குறித்தனர். படிக்கட்டில் ஒரு தளத்திற்குச் சராசரியாக 13.1 வினாடி ஆயிற்று. இரு மின்தூக்கித் தொகுதிகளில் 37.5 வினாடியும் 35.6 வினாடியும் ஆயின. படிக்கட்டின் நேரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க, மின்தூக்கியின் நேரம் ஒவ்வொரு முறையும் பெரிதும் மாறியது. கூடுதல் நேரத்துக்குக் காரணம் பயணம் அன்று, காத்திருப்பே.

உயிரோடு தொடர்புடையது

டொராண்டோ நகரிலும் அதையடுத்த பீல் வட்டாரத்திலும், வீடுகளில் இதயம் நின்றுபோனவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. மூன்றாம் தளத்திற்குக் கீழே இருந்தவர்களில் 4.2 விழுக்காட்டினர் உயிர் பிழைத்து வீடு திரும்பினர். மூன்றாம் தளத்திலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 2.6 விழுக்காட்டினரே பிழைத்தனர். 16ஆம் தளத்திற்கு மேல் இருந்த 216 பேரில் இருவர் மட்டுமே பிழைத்தனர். அவசர உதவியாளர்கள் கட்டட வாயிலை அடைந்த பின்னும், நோயாளியின் அருகே செல்லக் கூடுதல் நேரம் ஆனது. அவர்கள் மின்தூக்கியைத் தனியே பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் பரிந்துரைகளுள் ஒன்று.

இது வீடுகளைப் பற்றிய ஆய்வு; வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவமனையில் முதலுதவி நோயாளியின் படுக்கையருகிலேயே தொடங்கிவிடுகிறது. எனினும் அறுவை அரங்கிற்கோ தீவிர சிகிச்சைப் பிரிவிற்கோ அவரைக் கொண்டுசெல்ல மின்தூக்கி தேவை. அதனால்தான் படுக்கை மின்தூக்கிகளுக்குத் தனிச் சாவியோ அட்டையோ வைக்கிறார்கள். அதைப் பயன்படுத்தியவுடன், மற்ற அழைப்புகளுக்கு நிற்காமல் அது நேரே செல்லும். உங்கள் தளத்தைத் தாண்டிச் சென்ற மின்தூக்கியில் அத்தகைய நோயாளி ஒருவர் இருந்திருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

செல்ல வேண்டிய திசைக்குரிய பொத்தானை மட்டும் அழுத்துங்கள். இரண்டையும் அழுத்தினால், யாரும் ஏறாமலே ஒரு மின்தூக்கி நின்று செல்லும். அந்த நேரம் வேறொருவரின் காத்திருப்பில் கூடும்.

பின்னால் வருபவருக்காகக் கதவைக் கையால் பிடித்து நிறுத்த வேண்டாம். தள்ளுபடுக்கையும் சக்கர நாற்காலியும் வந்தால் இறங்கி வழிவிடுங்கள். படுக்கை மின்தூக்கியைப் பார்வையாளர்கள் தவிர்ப்பது நல்லது.

உடல்நலமுள்ள உறவினர்கள் ஓரிரு தளங்களுக்குப் படிக்கட்டைப் பயன்படுத்தலாம். இதயநோய், மூச்சுத்திணறல், மூட்டுவலி உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவ்வாறு செய்ய வேண்டாம். தீவிபத்தின்போது மின்தூக்கியில் ஏறக் கூடாது. ஊழியர்கள் காட்டும் வழியில் செல்லுங்கள்.

வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால், தளத்தையும் நேரத்தையும் குறித்து வரவேற்புப் பிரிவில் தெரிவியுங்கள். "லிப்ட் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "நான்காம் தளம், மாலை 5.10 மணி, ஆறு நிமிடம்" என்ற குறிப்பு பழுதைக் கண்டறியப் பெரிதும் உதவும். சராசரிக் கணக்கில் மறைந்துபோகும் காத்திருப்பு அப்போதுதான் வெளியே தெரியும்.