‘கிழங்கு’ என்றால் எந்தக் கிழங்கு? மஞ்சள் மூட்டைக்கு வந்த பிளாக்செயின் சிக்கல்!

அந்தியூர் பக்கம் மஞ்சள் விவசாயியிடம் ‘கிழங்கு’ என்று சொன்னால், அவர் உருளைக்கிழங்கை நினைக்க மாட்டார். செடியின் அடியில் உருண்டையாக இருக்கும் தாய்க்கிழங்கு அது. அதிலிருந்து விரல்போலக் கிளைப்பது விரலி. ஈரோடு மஞ்சள் ஏலத்தில் இரண்டுக்கும் தனித்தனி விலை. வழக்கமாக விரலிக்குத்தான் கூடுதல்.

ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், மூட்டை பல கை மாறிப் போகும்போது, அது ஈரோட்டுச் சரக்குதான் என்று யார் சாட்சி சொல்வது? இங்கேதான் பிளாக்செயின் வருகிறது. ஒரே கணக்குப் புத்தகத்தின் நகல் வியாபாரி, ஏற்றுமதியாளர் எனப் பலரிடமும் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் ‘கைரேகை’ இருப்பதால், நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் குட்டு உடைந்துவிடும். ஆந்திராவின் மிளகாய், மஞ்சள் விவசாயிகளுக்காக இப்படியோர் ஏற்பாட்டை உருவாக்க, நறுமணப் பொருள்கள் வாரியம் 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துடன் ஒப்பந்தம் போட்டது.

சிக்கல் என்னவென்றால், பிளாக்செயினுக்கு ஞாபகம் உண்டு, அர்த்தம் தெரியாது. ஒருவர் ‘விரலி’ என்று பதிவார். அடுத்தவர் ‘ஃபிங்கர்’ என்பார். கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு சரக்கு. ‘மஞ்சள்’ என்பது நிறமா, பயிரா என்பதும் அதற்குத் தெரியாது. கஸ்தூரி மஞ்சளோ வேறு தாவரமே!

இதற்கான வழி, சொல்லுக்குப் பதில் பொருளுக்கு ஓர் எண் கொடுப்பது. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு நடத்தும் ‘அக்ரோவாக்’ சொற்களஞ்சியம் இதைத்தான் செய்கிறது. எந்த மொழியில் எப்படி அழைத்தாலும், ஒரு பொருளுக்கு ஒரே அடையாளம். 40-க்கும் மேற்பட்ட மொழிகள் அதில் இருக்கின்றன. அந்த அடையாளத்தையே சங்கிலியில் பதிந்தால் பெயர்க் குழப்பம் தீரும். பொருள்களுக்கு இடையிலான உறவையும் சொல்லிக் கொடுக்கலாம். ‘ஈரோடு மஞ்சள் என்றால் குறியீட்டு எல்லைக்குள் விளைந்தது’ என்று விதி இருந்தால், எல்லைக்கு வெளியே உள்ள தோட்டத்தின் பெயரோடு வரும் பதிவை அது அங்கேயே நிறுத்திவிடும்.

மூட்டைக்குள் வேறு சரக்கைக் கொட்டிவிட்டு, சரியான எண்ணைப் போட்டால்? அந்தப் பொய்யையும் பிளாக்செயின் பத்திரமாகப் பாதுகாக்கும். விரலியைத் தவறிக் கிழங்கு என்று பதிந்துவிட்டாலும் அழிக்க முடியாது. திருத்தத்தைப் புதுப் பதிவாகச் சேர்க்கத்தான் முடியும். அதற்குள் அந்த மூட்டை கிழங்கு விலைக்குப் போயிருக்கலாம். அதனால், எடை போடும் இடத்தில் முதல் பதிவு விவசாயியின் கண்முன்னே, அவருக்குப் புரியும் சொல்லில் நடந்தாக வேண்டும்.