கோடு மீறிய வண்ணம்

நீர்வண்ண ஓவியம் என்பது, அரைத்த நிறமியை வேலம்பிசின் கரைத்த நீரில் குழைத்துத் தாளில் பரப்பி, நீர் ஆவியானபின் நிறமியைத் தாளின் இழைகளில் தங்கவிடும் கலை. மரக்காணம் உப்பளப் பாத்திகளில் வெயிலும் கடற்காற்றும் உவர்நீரை வற்றவைக்க உப்பு மிஞ்சுவதும் இவ்வகையே எனினும், அங்கு நாட்கணக்கில் நடப்பது தாளில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஈரத்திட்டின் விளிம்பு முதலில் உலர்வதால், அந்த இழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் வெளிநோக்கி ஓட, உடன்சென்ற நிறமி ஓரத்தில் கருத்த வரம்பாகப் படிகிறது. ஈரமான வண்ணத்தின்மேல் மரக்காணத்துக் கல்லுப்பில் சில பரல்களைத் தூவினால், ஒவ்வொன்றும் சுற்றியுள்ள நீரை ஈர்த்து, வெளிறிய விண்மீன் வடிவத்தை விட்டுச்செல்வதை எவரும் செய்து பார்க்கலாம்.

திருத்த இடந்தராத இந்த அவசரமே ஆடும் உடலை வரைய ஏற்றதாயிற்று. கம்போடிய மன்னர் சிசோவத்துடன் பிரான்சுக்கு வந்த அரண்மனை நடனப் பெண்களை 1906 ஜூலையில் பாரிசில் கண்ட சிற்பி ஒகுஸ்த் ரொதான், தமது 65ஆம் வயதில் அவர்களைப் பின்தொடர்ந்து மார்செய்வரை சென்று, சில நாட்களில் ஏறத்தாழ 150 ஓவியங்களை வரைந்தார். தாள் தீர்ந்து மளிகைக் கடைப் பொட்டலத் தாளிலும் வரைந்தார் என்பர். அந்த வேகத்துக்கு அது நம்பக்கூடியதே. ஆடுபவரிடமிருந்து கண்ணை எடுக்காமல், தாளைப் பாராமலே பென்சிலால் கோடிழுத்து, பின்னர் நீலமும் காவியும் நீர்க்கப் பூசுவது அவர் வழக்கம். பின்னோக்கி வளைந்த விரல்களையும் முழங்கையின் திருப்பத்தையும் கோடு பிடிக்க, வண்ணமோ அந்தக் கோட்டுக்குள் அடங்காமல் வெளியே வழிகிறது. இதைக் கவனக்குறைவு எனக் கொள்வது பிழை. கோடு உடலின் ஒரு கணத்தை நிறுத்த, வழிந்த வண்ணம் அடுத்த அசைவுக்கு ஆடையை இழுத்துச் செல்கிறது. முகங்கள் பெரும்பாலும் சில கீற்றுகளே.

ஆடலின்மீது அவர் கொண்ட இந்த ஈடுபாடு தமிழகத்தையும் தொட்டது. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் செப்புத்திருமேனியின் நிழற்படங்களைக் கொண்டே அவர் 1913இல் எழுதிய கட்டுரை, அவர் மறைந்து நான்காண்டுகள் கழித்து 1921இல், கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமியும், முன்பு சென்னைக் கலைப்பள்ளியை நடத்திய ஹாவெலும் பங்களித்த தொகுதியில் வெளிவந்தது. கம்போடியப் பெண்களைத் தாளைப் பாராமல் வரைந்தவர், அந்தத் திருமேனியை நேரில் பாராமலே அதன் கைகளையும் இடையையும் வரிவரியாக வியந்து எழுதியிருக்கிறார்.