மலைநாட்டு வீட்டில் கடல்தொட்டி

பதுளைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எந்தப் பாதையில் இறங்கினாலும் நூறு கிலோமீற்றருக்கு மேல் போனால்தான் அலை கண்ணில் படும். இருந்தாலும் ஆசை யாரை விட்டது? கொழும்பில் ஒரு கடையிலோ உறவினர் வீட்டிலோ கடல்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தால், வீட்டிலுள்ள நன்னீர் மீன்தொட்டி சப்பென்று ஆகிவிடுகிறது. பெரும்பாலும் இந்த ஆசை மகனுக்கு வரும்; இல்லாவிட்டால் அவனுடைய வாப்பாவுக்கு வரும். வாங்கி வைத்து மூன்று மாதம் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்வது யார்? அது உங்களுக்கே தெரியும். ஆகவே சகோதரிகளே, தொட்டி வீட்டுக்குள் வருமுன் சில விடயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் உப்பு. கடல்நீரில் ஒரு லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நூறு லீற்றர் தொட்டி என்றால் மூன்றரைக் கிலோ. அம்பாந்தோட்டை உப்பு பக்கத்தில்தானே விளைகிறது, அதைக் கரைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. சமையல் உப்பில் கல்சியம், மக்னீசியம் போன்றவை தேவையான அளவில் இல்லை. கடல்தொட்டிக்கென்றே விற்கும் உப்புதான் வேண்டும். வாரம் பத்து லீற்றர் தண்ணீர் மாற்றினால் அதற்கு மட்டும் 350 கிராம் செலவாகும். இந்தச் செலவு முதல் நாளோடு முடிகிற செலவு அல்ல.

அடுத்தது தண்ணீர். தோட்டப் பகுதியில் இருப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தேயிலையில் வரும் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் மருந்துகளில் செம்பு கலந்தவை உண்டு. மலையிலிருந்து பீலியில் வரும் தண்ணீர் குடிக்கச் சுத்தமாகத் தெரியலாம். ஆனால் நத்தை, இறால், நண்டு ஆகிய மூன்றுக்கும் மிகக் குறைந்த செம்பே நஞ்சு. வடிகட்டி இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரையே பாவியுங்கள். மீனுக்கு நோய் என்று கடையில் தரும் சில மருந்துகளிலும் செம்பு இருக்கும். நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து ஊற்ற வேண்டும்.

நம் பிரதேசத்துக்கென்று இன்னும் இரண்டு சங்கதிகள் உள்ளன. கொழும்பில் தொட்டி சூடாகிவிடுகிறதே என்று கவலைப்படுவார்கள். பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் அது குளிர்ந்துவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டும். 24 முதல் 27 பாகை வரை வெப்பம் தேவை. மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. மற்றது கச்சான் காற்று. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும் அந்த வறண்ட காற்று வீசும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தொட்டித் தண்ணீர் மளமளவென்று குறையும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டி நாளுக்கு நாள் கரித்துக்கொண்டே போகும்.

துப்புரவுக்காரர்கள்

இனி, தொட்டியைச் சுத்தம் செய்யும் பிராணிகளுக்கு வருவோம். கண்ணாடியிலும் கல்லிலும் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் நத்தைகள். மணலுக்குள் மூக்கை மட்டும் நீட்டிப் புதைந்திருந்து, தீனி விழுந்த வாசத்துக்கு எழுந்துவரும் சிறு நத்தைகள். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு. சிவந்த முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் இறால். இந்த இறால் மீன்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். மீனும் அசையாமல் நின்று கொடுக்கும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. நம் நாட்டுக் கடலிலிருந்து பிடித்து வெளிநாடுகளுக்கு அனுப்பப்படுவதும் இதே இறால்தான்.

இவற்றை வாங்கிப் போட்டால் தொட்டி தானாகச் சுத்தமாகிவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். இவை பாசியையும் மிஞ்சிய தீனியையும் தின்னுமே தவிர, மீனின் கழிவைத் தின்பதில்லை. தாமும் கழிவு விடும். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுவது கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள். அவை கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை எந்த உயிரையும் தொட்டியில் விடாதீர்கள். கண்ணாடியில் பழுப்புப் படலம் தோன்றிய பிறகுதான் நத்தைக்கு அங்கே சாப்பாடு இருக்கிறது.

அப்போதும் எத்தனை? ஐம்பது நத்தை, இருபது நண்டு என்று அள்ளிக் கொடுக்கும் கடைகள் உண்டு. நூறு லீற்றர் தொட்டிக்கு ஐந்தாறு நத்தையும் இரண்டு மூன்று நண்டும் ஆரம்பத்துக்குத் தாராளம். கூடுதலாகப் போட்டால் இரண்டு வாரத்தில் பாசி தீர்ந்துவிடும், தொட்டி பளபளக்கும், அந்தப் பளபளப்பான தொட்டிக்குள் அவை பட்டினி கிடக்கும். பூனையைக் கட்டிப்போட்டுத் தீனி கொடுக்காமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். பூனையாவது கத்தும், நத்தை கத்தாது. பாசி தீர்ந்துவிட்டால் உலர்ந்த கடற்பாசித் துண்டொன்றைக் கல்லில் செருகி வையுங்கள்.

காலையில் அடுப்படிக்குப் போகுமுன் தொட்டியை ஒருமுறை பாருங்கள். மணலில் மல்லாந்து கிடக்கும் நத்தையை நிமிர்த்தி விடுங்கள். சில இனங்களுக்குத் தானாகப் புரளத் தெரியாது. நாள் முழுக்க அசையாத நத்தையை எடுத்து முகர்ந்து பாருங்கள். செத்திருந்தால் நாற்றமே சொல்லிவிடும்; உடனே அகற்றாவிட்டால் தண்ணீர் கெடும். இறாலின் வெறும் தோல் மிதந்தால் பதறாதீர்கள். அது செத்துவிடவில்லை, சட்டை கழற்றியிருக்கிறது. புதுத் தோல் இறுகும்வரை ஓரிரு நாள் கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும். துறவி நண்டுக்கு உடல் வளரும்போது பெரிய சங்கு வேண்டும். காலிச் சங்குகள் சில போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் நத்தையைக் கொன்று அதன் வீட்டைப் பிடித்துக்கொள்ளும்!

கடலட்டை மணலை நன்றாகச் சுத்தம் செய்யும். ஆனாலும் சிறிய தொட்டிக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அடிபட்டாலோ செத்தாலோ சில இனங்கள் விடும் நஞ்சு மீன்களையெல்லாம் கொன்றுவிடும்.

கொழும்பிலிருந்து ரெஜிபோம் பெட்டியில் வரும் பிராணிகளை வந்தவுடன் தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு வாளியில் விட்டு, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது இறங்கவிட வேண்டும். உப்பின் அளவு திடீரென மாறுவதை மீன் ஓரளவு தாங்கும். இறாலும் நத்தையும் தாங்கா. சவர்க்காரம், அத்தர், தேங்காயெண்ணெய் பட்ட கையைத் தொட்டிக்குள் விட வேண்டாம். நுளம்பு மருந்து அடிப்பதும் சுருள் கொளுத்துவதும் அந்த அறையில் கூடாது. காற்றுப் பம்பு அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

மின்வெட்டை மறக்க முடியுமா? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடே இருண்டது. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையிருப்பில் இல்லாமல் கடல்தொட்டி வைக்கவே வேண்டாம். குளிர் இரவானால் தொட்டியைச் சுற்றிக் கம்பளியும் போர்த்துங்கள்.

முருகைக்கல் வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். உயிருள்ள கடின முருகைக்கற்களைக் கடலிலிருந்து எடுப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவை முருகைக்கற்கள் வெளிறி மடிந்தன. 2016இலும் வெளிறல் ஏற்பட்டது. மிஞ்சியதையும் நாம் பெயர்க்க வேண்டுமா? விடுமுறைக்கு நிலாவெளி போகிறவர்கள் புறாத் தீவில் சங்கு பொறுக்கி வரவும் கூடாது. அது தேசியப் பூங்கா. அத்தோடு அங்கே கிடக்கும் காலிச் சங்கு ஏதோ ஒரு நண்டின் அடுத்த வீடு.

தொட்டி அலுத்துவிட்டால் பிராணிகளைக் கடைக்கோ இன்னொரு தொட்டிக்காரருக்கோ கொடுத்துவிடுங்கள். பதுளு ஓயாவில் விட்டால் கடற்பிராணி சிறிது நேரத்தில் செத்துவிடும். நன்னீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் கவச மீனோ சாகாது, பெருகும். அப்படி விடப்பட்டவை நம் நாட்டு நீர்நிலைகளில் பரவி, உள்ளூர் மீன்களின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

மாற்றியெடுத்த பழைய தண்ணீரைக் கறிவேப்பிலை மரத்தடியிலோ கீரைப்பாத்தியிலோ ஊற்றாதீர்கள். உப்பு வேரைக் கருக்கிவிடும். வீட்டுக் கழிவு போகும் கானில் ஊற்றி, பின்னால் ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஊற்றிவிடுங்கள்.