ரோடு ட்ரிப் ரெண்டு பேருக்கா, நாலு பேருக்கா? - அமெரிக்க டிரெய்லர் பயணமும் செல்ல நாய்களும்!

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் ஒரு குட்டி வீடு. கேன்யன் ஓரத்தில் கையில் காபியோடு ஒரு ஜோடி. காலடியில் ரெண்டு நாய்கள். இந்த மாதிரி அமெரிக்க ரீல்ஸ் உங்க ஃபீடிலும் கண்டிப்பா வந்திருக்கும். 'வாழ்ந்தா இப்படி வாழணும்'னு ஜோடியை டேக் பண்ணி ஷேரும் பண்ணியிருப்பீங்க.

ஆனால், எந்த ரீல்ஸும் காட்டாத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ரெண்டு பேரும் பள்ளத்தாக்குக்குள் இறங்கி நடக்கும்போது, நாய்கள் எங்கே இருக்கும்? மொத்த ட்ரிப்பின் பிளானும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

முதல்ல டிரெய்லரைத் தெரிஞ்சுக்கலாம்!

சொந்த இன்ஜினோடு ஓடினால் அது மோட்டார் ஹோம். இன்ஜின் இல்லாமல், காரோ பிக்கப் டிரக்கோ இழுத்துப்போனால் அது டிராவல் டிரெய்லர். உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட் எல்லாமே இருக்கும். வெள்ளிக் கேப்சூல் மாதிரி பளபளக்கும் 'ஏர்ஸ்ட்ரீம்' இந்த ரகத்தில் ரொம்பவே பிரபலம். 1969-ல் நிலாவுக்குப் போய்த் திரும்பிய அப்போலோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தி வைத்தது, மாற்றியமைக்கப்பட்ட ஓர் ஏர்ஸ்ட்ரீமில்தான்!

இழுப்பதில் முக்கியமான விஷயம், எடை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் காரோடு இணையும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 2,000 கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ. கனமான சாமான்களை எல்லாம் பின்பக்கம் அடுக்கினால், நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டுவதுபோல இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிடும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர்தான் அதிகபட்ச வேகம்.

அதனால், வண்டி ஓடும்போது நாய்களை டிரெய்லருக்குள் விடவே கூடாது. அவை உங்களோடு காரில்தான், கூண்டிலோ பெல்ட் மாட்டியோ வரணும்.

நேஷனல் பார்க்கில் நாய்க்குத் தடா!

அமெரிக்க நேஷனல் பார்க்குகளில் நாய்க்கயிறு 6 அடிக்கு மேல் நீளக் கூடாது. அதோடு, பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு அனுமதியே கிடையாது. கிராண்ட் கேன்யனின் சவுத் ரிம்மில், விளிம்பையொட்டிய பாதையில் கூட்டிப்போகலாம். விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்க முடியாது. யெல்லோஸ்டோனில் சாலை, பார்க்கிங், கேம்ப் மைதானம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள்தான் நாய் இருக்கணும். சரி, மரத்துல கட்டிட்டுப் போயிடலாமா? அதுவும் விதிமீறல்தான்.

'ஒரு நாய் நடந்தா என்னங்க ஆகப்போகுது?' என்று தோன்றலாம். 1981-ல் யெல்லோஸ்டோனில் ஒரு நாய் வெந்நீர் ஊற்றுக்குள் பாய்ந்துவிட்டது. அதைக் காப்பாற்ற, அதன் உரிமையாளரின் நண்பரான ஓர் இளைஞரும் உள்ளே குதித்தார். தண்ணீரின் வெப்பம் 90 டிகிரி செல்சியஸுக்கும் மேல். நாயும் பிழைக்கவில்லை, அந்த இளைஞரும் பிழைக்கவில்லை.

'ஏ.சி போட்டுட்டுப் போயிடலாமே?'

பலரும் எடுக்கும் முடிவு இது. ரிஸ்க்கும் இங்கேதான் இருக்கிறது. வெளியே இதமான 21 டிகிரி இருந்தாலே, மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரி வரை ஏறிவிடும். டிரெய்லரும் வெயிலில் நிற்கும் பெட்டிதான்.

டிரெய்லர் ஏ.சி பெரும்பாலும் கேம்ப் மைதானத்தில் கொடுக்கும் கரன்ட்டிலோ ஜெனரேட்டரிலோ ஓடும். கரன்ட் போனால் ஏ.சி-யும் போச்சு. உள்ளே சூடு ஏறினால் மொபைலுக்கு அலர்ட் அனுப்பும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால், அங்கேயும் இங்கேயும் சிக்னல் இருந்தால்தானே அலர்ட் வரும்? பள்ளத்தாக்குக்குள் நாலு மணி நேர நடை தூரத்தில் இருக்கும்போது அலர்ட் வந்தாலும் என்ன செய்ய முடியும்?

நாய்களுக்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு ரகங்களுக்கு அதுவும் கஷ்டம். விடாமல் மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம் தெரிந்தால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, கால்நடை மருத்துவரிடம் ஓடணும்.

அப்போ என்னதான் வழி?

ஷிஃப்ட் முறைதான்! காலையில் ஒருவர் நடைக்குப் போக, இன்னொருவர் நாய்களோடு இருப்பார். மறுநாள் மாற்றிக்கொள்ள வேண்டும். சேர்ந்தே கிளம்பிய ட்ரிப்பில் முக்கியமான சில இடங்களைத் தனித்தனியாகத்தான் பார்க்க முடியும். 'எப்பவும் நான்தான் டிரெய்லர்ல உட்காரணுமா?' என்ற சண்டை வழியில் வெடிக்காமல் இருக்க, யாருக்கு எந்த இடம் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

கட்டாயம் ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கணும்னு நினைக்கும் இடத்துக்கு, நாய்க் காப்பகத்தை முன்கூட்டியே புக் பண்ணலாம். கிராண்ட் கேன்யன் சவுத் ரிம்மிலேயே ஒன்று இருக்கிறது. தடுப்பூசி சான்றிதழ் அவசியம்.

இல்லையென்றால், ரூட்டையே நாய்க்கு ஏற்றபடி போடுங்கள். மெய்ன் மாநிலத்தின் அகேடியா பார்க்கில், நாயோடு நடக்க சுமார் 100 மைல் மலைப்பாதைகள் திறந்திருக்கின்றன. நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸில், வெள்ளை மணல்மேடுகளிலேயே கூட்டிப்போகலாம். நேஷனல் ஃபாரஸ்ட் எனப்படும் அரசு வனங்களில் பெரும்பாலான பாதைகளில் நாய்க்குத் தடை இல்லை. கோடையில் பாலைவனப் பக்கம் போகாமல், வசந்தத்துக்கோ இலையுதிர் காலத்துக்கோ தள்ளி வையுங்கள்.

மேப்பில் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கும் ஒவ்வோர் இடத்துக்குப் பக்கத்திலும், 'இங்கே நாய் எங்கே இருக்கும், கூட யார் இருப்பாங்க?' என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் இல்லாத இடங்களை அடித்துவிட்டால், மிச்சம் இருப்பதுதான் உங்கள் ரூட். பத்து இடம் ஆறாகலாம். ஆனால், அந்த ஆறு இடங்களுக்கும் நிம்மதியாகப் போய் வரலாம்!