எறியப்பட்ட சிப்பியும் அழகியற் பெறுமதியும்
(மன்னார்க் கரையோரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்)

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலப்பரப்பின் கரையில் அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்கள் உள்ளன. அங்குள்ள மணலில் கலந்து கிடக்கும் சிப்பியோட்டுத் துண்டுகளுட் பல முத்துக்குளிப்பின் கழிவுகளாகும். வெயில் சாய்வாகப் படும்போது அவற்றின் உட்புறம் பச்சையும் இளஞ்சிவப்புமாக மின்னுகின்றது. அழகு கருதி எவரும் அவற்றை அங்கு இட்டாரல்லர். கழித்தெறியப்பட்ட பொருளில் தற்செயலாய்த் தோன்றும் கலையழகு குறித்து ஆராய்வோர்க்கு இக்கரை தக்கதொரு களம்.

மேனாட்டுக் கலையுலகில் இப்பிரச்சினை முதலாம் உலகப்போரையொட்டிக் கூர்மையடைந்தது. ஜேர்மனியரான கேர்ட் சுவிற்றேர்ஸ் 1919 அளவில் ட்ராம் சீட்டு, கிழிந்த செய்தித்தாள், மரத்துண்டு முதலியவற்றை ஒட்டிப் படங்கள் சமைத்தார். அவற்றுக்கு அவர் இட்ட 'மேர்ஸ்' என்ற பெயரே வங்கி விளம்பரமொன்றிலிருந்த வணிகம் என்னும் பொருள்படும் சொல்லின் கிழிந்த துண்டாகும். எனினும் பின்வந்த விமர்சகர் பலர் கலைஞனின் கண்ணை வியந்தனரேயன்றி, அப்பொருள் ஏன் குப்பையாயிற்று என்று கேட்டாரல்லர்.

மன்னாரில் அக்கேள்வியைத் தவிர்த்தல் இயலாது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. கல்லைக் காலிற் பிணைத்து மூச்சடக்கி மூழ்கிய குளியாட்களுக்கும் படகினருக்கும் மூன்றிலொரு பங்கு. எஞ்சிய இரு பங்கு அரசாங்கத்துக்கு. சிப்பிகள் குவியலாக அழுக விடப்பட்டு, கழுவப்பட்டு, முத்துப் பிரிக்கப்பட்டது. வேறு கடல்களின் தடித்த ஓடுகள் பொத்தானுக்கும் பதிப்பு வேலைக்கும் விலைபோயின. இங்குள்ளது மெல்லிய ஓடு, அவ்வணிகத்துக்கு உதவவில்லை. ஆகவே அது குப்பையாயிற்று.

முத்தும் ஓட்டின் உட்படலமும் ஒரே பொருளாலானவை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒரே உயிரி, ஒரே சுண்ணக் கனியத்தை மென்படலங்களாக அடுக்குகின்றது. அப்படலங்களிற் பட்டுத் தெறிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதே இரண்டிலும் நாம் காணும் நிறம். ஒன்றை அணிகலனாகவும் மற்றதைக் கழிவாகவும் பிரித்தது பரிவர்த்தனைப் பெறுமதியேயாம். கனிப்பொருள் வணிகன் அதன் சந்தைப் பெறுமதியைக் காண்கிறானேயொழிய அழகைக் காண்பதில்லை என்று மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளிற் குறிப்பிட்டமை இதற்கு நன்கு பொருந்தும். அழகை ஆடம்பரமென ஒதுக்கிய நம் முற்போக்கு விமர்சகர் சிலர் அப்பகுதியை ஊன்றிப் படித்திலர் போலும். கரையோரச் சிறார் சிப்பியையும் சோகியையும் பொறுக்கி விளையாடுகையில், அவ்வணிகன் இழந்த புலனுணர்வு அவர்களிடம் உயிர்ப்புடன் உள்ளது.

கழிவு எல்லாம் கழிவாகவே கிடந்ததுமில்லை. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தேசாதிபதி பிரெட்றிக் நோர்த் 1801–1804 காலப்பகுதியில் அரிப்பிற் கட்டுவித்த 'டொறிக்' மாளிகையின் செங்கற் சுவர்களுக்குச் சிப்பி சுட்ட சுண்ணாம்பே பூச்சாயிற்று. கிரேக்கத் தூண்களின் வெண்மை மன்னார்க் குப்பையிலிருந்து பெறப்பட்டது. கடலரிப்பால் இடிந்துவரும் அச்சுவர்களை இன்று புகைப்படமெடுப்போர் பலர். அழிபாட்டின் எழில் மெய்யானதே. அதைக் கண்டு மகிழ்தல் குற்றமன்று. ஆயின் குளியாளை மறந்த இரசனை அரைகுறையானது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, சிலாவத்துறையை உள்ளடக்கிய முசலிப் பகுதி மக்களும் வீடு வாசலை விட்டுச்செல்ல நேர்ந்தது. போரினால் இம்மாவட்டத் தமிழ்க் குடும்பங்களும் பன்முறை இடம்பெயர்ந்தன. பாழ்மனையிற் கிடக்கும் துருவேறிய பாத்திரமும் வெயிலில் நிறமிழந்த கதவும் கண்ணைக் கவரலாம். ஆனால் அவை எறியப்பட்டவையல்ல. அவற்றைக் கண்டெடுத்த கலைப்பொருளெனக் காட்சிக்கு வைப்பவர், உரியவர் எங்கேயென முதலில் விசாரித்தாக வேண்டும்.